லீவு எடுத்த குப்பை

காலை எட்டு ஐம்பதுக்கு அவருடைய ஸ்கூட்டர் கருவடிக்குப்பத்திலிருந்து வந்து எங்கள் கட்டடத்தின் முன்னால் நிற்கும். எட்டு ஐம்பத்திரண்டுக்கு மாடிப்படி ஏறி உள்ளே வருவார். ஹெல்மெட்டைக் கழற்றுவார், ஆனால் கீழே வைக்க மாட்டார். அதைக் கக்கத்தில் இடுக்கியபடியே தண்ணீர் கேனுக்குப் பக்கத்து அலமாரிக்குப் போய், அங்கிருந்த கணினியின் திரையைத் தட்டி, ஓர் எண்ணைப் பார்ப்பார். அதன் பிறகுதான் ஹெல்மெட் ஆணிக்குப் போகும், கைப்பை மேசைக்குப் போகும், எங்களுக்கு "பொன்ழூர்" என்று ஒரு பிரெஞ்சு வணக்கம் கிடைக்கும்.

அந்த எண், முந்தைய நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஸ்பேம் மெயில்களின் எண்ணிக்கை. லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது, வழுக்கையில் முடி முளைக்கும், முன்பின் தெரியாத ஒரு தளபதி சொத்தை நமக்கு எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார் என்று வருமே, அந்தக் குப்பை. எல்லோரும் அதைத் திட்டுவார்கள். எண்ணியவர் என்று எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"இன்னா மேடம், குப்பை இன்னைக்கி எவ்ளோ?" என்று வரவேற்பு மேசையிலிருந்து ரோஸ்லின் கேட்பாள்.

"நானூத்திப் பன்னெண்டு."

"ஏறிச்சா, எறங்கிச்சா?"

"ஒரு நாள வச்சி ஏறிச்சு எறங்கிச்சுன்னு சொல்லக் கூடாது. ஒரு நாளுங்கறது எண்ணிக்கையே இல்ல ரோஸ்லின்."

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மேடம். எங்கள் முதலாளிக்கும் மேடம்தான். முதலாளியை நாங்கள் முசே என்று கூப்பிடுவோம். முப்பத்தொரு வருடம் பிரான்சில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, புதுச்சேரிக்குத் திரும்பி, மிஷன் வீதியை ஒட்டிய குறுக்குத் தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அந்த அலுவலகத்தைத் திறந்திருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்குப் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை மொழிபெயர்த்து, பிரான்சிலுள்ள அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து நடத்திக் கொடுப்பதுதான் வேலை. நான் தலைமை எழுத்தர். முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தக் காகிதமும் என் மேசையைத் தாண்டாது.

எங்கள் மெயில்களெல்லாம் அந்த அலமாரிக் கணினி வழியாகத்தான் வரும். அதற்கு சர்வர் என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் மேடத்தை வேலைக்கு எடுத்தார் முசே. அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. குப்பை என்று தான் முடிவுசெய்த மெயிலை சர்வர் அந்த நொடியே அழித்துவிடும். வாடிக்கையாளர் விவரம் தேவையில்லாமல் எங்கும் தங்கக் கூடாது என்பது முசேயின் கண்டிப்பான உத்தரவு. அழித்ததற்கு அடையாளமாக ஒரு வரி மட்டும் மிஞ்சும்: நாள், மணி, நிமிடம். யார் அனுப்பினார், என்ன எழுதினார் என்பதெல்லாம் போய்விடும்.

அந்த வரிகளைத்தான் மேடம் எண்ணினார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டார். தினமும் அது தானாக ஓடி, முந்தைய நாளின் வரிகளை எண்ணி, பட்டியலில் சேர்த்து, ஒரு கிராஃப் வரையும். கீழே நாட்கள், பக்கவாட்டில் எண்ணிக்கை, நடுவில் நீலக் கோடு. திங்கட்கிழமைதோறும் அதை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவார். ரோஸ்லின் அதற்கு மேடத்தோட ஈசிஜி என்று பெயர் வைத்தாள்.

முசேக்கு அதில் சம்மதமில்லை.

"மேடம், நான் ஒங்கள குப்பைய நிறுத்தச் சொன்னேன். நீங்க அதுக்கு ஜாதகம் எழுதிக்கினு இருக்கீங்க."

"அது எப்டி வருதுன்னு தெரியாம எப்டி முசே நிறுத்தறது?"

"வருது. அவ்ளோதான். மழை வருதுல்ல, அப்டி."

"மழையையும் அளக்கறாங்க முசே."

*

'நிறைய' என்ற சொல் அவரிடம் செல்லாது. ஒரு நாள் மாலை, "இந்த ஆபீஸ்ல கொசு நிறைய" என்று சொல்லிவிட்டேன். "எத்தன கடி சார்?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எண்ணவில்லை என்றேன். அப்படியானால் அதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்கூட்டரைக் காலையில் எத்தனை முறை உதைத்துக் கிளப்புகிறார் என்பதற்கும் ஒரு கிராஃப் இருந்தது. மெக்கானிக்கிடம் போய், "ஒரு மாசமா ரெண்டு உதை. போன வாரம் மூணு. இந்த வாரம் அஞ்சு" என்று காகிதத்தை நீட்டினாராம். மெக்கானிக் காகிதத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு வண்டியைத் தொடாமலேயே, "பிளக்கு போவுதும்மா" என்றார். பிளக்கை மாற்றியதும் ஒரே உதை. இதை எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமை, பிள்ளை முதல் மார்க் வாங்கிய தாயின் பெருமை.

அவருடைய அப்பா, அவர் பேச்சில் அத்தா, ஊருக்குள் இரும்புக் கடை வைத்திருந்தவர். ஆணிகளை எடை போட்டு விற்பார். சின்னப் பெண்ணாக இருந்த இவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, நூறு கிராமுக்கு எத்தனை ஆணி என்று தினமும் எண்ணுவாராம். "ஒரே அளவு ஆணிதான் சார். ஆனா ஒரு மூட்டையில ஒண்ணு ரெண்டு கூடும். அந்த மூட்டை ஆணி வளையும்" என்று என்னிடம் ஒரு முறை சொன்னார்.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. சர்வர் நின்றுவிட்டது. அடுத்த திங்கட்கிழமை சுவரில் ஒட்டிய கிராஃபில் கோடு ஓரிடத்தில் அறுந்து, சற்றுத் தள்ளி மறுபடி தொடங்கியது. எனக்குக் கண்ணை உறுத்தியது. இரண்டு பக்கத்துக்கும் சராசரி பார்த்து நடுவில் ஒரு கோடு இழுத்துவிடலாமே என்றேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"வரலங்கறதும் தெரியலங்கறதும் ஒண்ணா சார்? தெரியாதத தெரியாதுன்னு விடணும்."

இருபது வருடத்துக்கு மேலாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். விட்டுப்போன நாட்களைப் பிறகு யோசித்து நிரப்பும் வழக்கம் எனக்கு இருந்தது. அன்றோடு அதை நிறுத்தினேன். இப்போது என் நாட்குறிப்பில் காலிப் பக்கங்கள் உண்டு.

எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். எண்ணுகிறவர் பக்கத்தில் இருப்பது கொஞ்சம் சங்கடம். ஒரு வாரம் நீலக் கோடு திடீரென்று நானூறிலிருந்து அறுநூற்றுக்கு எகிறியது. யாரோ அலுவலக முகவரியை எங்கோ கொடுத்திருக்கிறார்கள் என்றார் மேடம். ரோஸ்லின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புடவைத் தள்ளுபடி விற்பனைத் தளம் ஒன்றில் அவள்தான் பதிந்திருந்தாள். மேடம் கண்டுபிடித்தார், அதைச் சரிசெய்தார், கோடு இறங்கியது. யார் என்று முசே கேட்டதற்கு, "கோட்டுல ஆளு பேரு வராது முசே" என்றார். ரோஸ்லின் என்னிடம் தானாகவே சொல்லி அழுத பிறகுதான் எனக்கே தெரியும்.

இங்கே வருவதற்கு முன் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய மாத்திரைக் கம்பெனியில் இருந்தார். மாத்திரை உலர வைக்கும் அறையில் காற்றின் ஈரத்தைத் தினமும் குறிப்பது அவர் வேலை. ஏசி இயந்திரம் மூன்று வாரத்தில் நின்றுவிடும் என்று கோட்டை வைத்துச் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நின்றது. ஓர் அறை மாத்திரையும் வீணானது. அதன் பிறகு அங்கே அவரைப் பார்த்தாலே ஒதுங்கினார்களாம், ஏதோ அவர் வாய் வைத்ததால்தான் நின்றது என்பதுபோல. "நான் சொன்னத மட்டும் ஞாபகம் வச்சிக்கினாங்க சார். கோட்ட யாரும் பாக்கல" என்றார். அதற்கு மேல் அந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசியதில்லை.

*

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பதினொரு மணிக்கு ஓர் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வருவார். நாற்பது வயது இருக்கும். அவருடைய கணவர் பிரான்சில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். பத்து வயதில் ஒரு பெண், ஏழு வயதில் ஒரு பையன். அப்பாவின் குடியுரிமையில் பிள்ளைகளுக்குக் காகிதம் கிடைத்து, பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்று அவர்கள் கிளம்பிப் போனார்கள். அம்மாவின் காகிதம் மட்டும் நிலுவையில் நின்றது. இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"லெத்ரு வந்துச்சா சார்?" என்று என் மேசைக்கு முன்னால் உட்காருவார்.

"இன்னும் இல்லம்மா. வந்தா ஒடனே போன் பண்றேன்."

"சின்னவன் தமிழ மறந்துக்கினு வரான் சார். போன்ல நான் பேசறது அவனுக்குப் பாதி புரியல. அக்காவக் கேட்டுக் கேட்டுப் பதில் சொல்றான்."

என் நாட்குறிப்பில் செவ்வாய்க்கிழமைகளில் தவறாமல் இந்த வரி இருக்கும்: 'அந்த அம்மா வந்தார். கடிதம் இல்லை.'

அந்த வருடம் மே மாதம் முசேயின் பொறுமை தீர்ந்தது. சென்னையிலிருந்து ஒருவர் வந்து புதிதாக ஒரு பெட்டியைக் காட்டினார். அதை மாட்டினால் குப்பை வாசலிலேயே நின்றுவிடுமாம். சனிக்கிழமை வந்து மாட்டுவதாகப் பேசி முடித்தார்கள். "அதுக்கப்புறம் இந்தப் படம் வரையற வேல வேணாம் மேடம்" என்றார் முசே. புதுப் பெட்டி நேரத்தைக்கூடக் குறித்துவைக்காது.

அந்தத் திங்கட்கிழமை மேடம் கிராஃபைச் சுவரில் ஒட்டவில்லை. என் மேசைமேல் விரித்தார். வழக்கமான கோடு இல்லை. ஏழு தூண்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை, கடந்த எட்டு வாரத்தின் சராசரி.

"சனியும் ஞாயிறும் பாருங்க சார்."

பார்த்தேன். ஐந்து தூண்கள் ஒரே உயரம். கடைசி இரண்டும் ஒரு நூல் குட்டை.

"பத்துப் பன்னெண்டு மெயிலு கம்மி" என்றார்.

"நானூறுல பத்து ஒரு பெரிய விஷயமா மேடம்?"

"பத்து பெரிசில்ல. எட்டு வாரமும் அதே ரெண்டு நாளு. அதுக்கு முந்தி எல்லா நாளும் ஒரே ஒசரம். குப்பைய அனுப்பறது மெஷினு சார். அதுக்கு ஞாயித்துக்கெழம தெரியாது. லீவு எடுக்கற குப்பைய நீங்க பாத்திருக்கீங்களா?"

பிறகு சுவரில் ஒட்டியிருந்த பழைய கிராஃபில் ஒரு வியாழக்கிழமையின்மேல் விரலை வைத்தார். அன்றும் கோடு அதே அளவு இறங்கியிருந்தது. அந்த நாளில் என்ன நடந்தது என்று நாட்குறிப்பில் பார்க்கச் சொன்னார். எடுத்துப் படித்தேன்: 'வியாழன். காகிதங்களுடன் தூதரகம் சென்றேன். விண்ணேற்றத் திருநாள், பிரெஞ்சு விடுமுறை. மூடியிருந்தது. வெறுங்கையோடு திரும்பினேன். வெயில் கடுமை.'

அவர் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் செவ்வாய். அந்த அம்மா வந்தார். கடிதம் இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் பார்த்தேன்.

*

புதன்கிழமை காலை முசேயின் அறையில் மேடம் இன்னொரு கிராஃபை வைத்தார். நானும் கூட நின்றேன். இம்முறை கீழே நாட்கள் இல்லை, மணிகள். வார நாட்களில் ஒவ்வொரு மணிக்கும் வந்த குப்பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அதே மணிக்கு வந்ததைக் கழித்திருந்தார். நள்ளிரவு முதல் நண்பகல் வரை தரையோடு தரையாகக் கிடந்த கோடு, பன்னிரண்டரைக்கு எழுந்து, இரவு எட்டரைக்குப் படுத்தது. நடுவில் ஒரு பள்ளம்.

"மேடம், சனிக்கெழம புதுப் பொட்டி வருது. இது இன்னாத்துக்கு இப்போ?" என்றார் முசே.

"ஒரு நிமிசம் பாருங்க முசே. அப்பறம் வேணாம்னா நானே கிழிச்சிப் போட்டுடறேன்."

முசே கண்ணாடியை மாட்டினார். அசிரத்தையாகத்தான் பார்த்தார். பிறகு காகிதத்தை அருகில் இழுத்தார்.

"நடுவுல இன்னா இது ஓட்டை?"

"அதான் எனக்கும் புரியல. மூணரைலேர்ந்து அஞ்சரை வரைக்கும் ஒண்ணும் வர மாட்டேங்குது. தெனமும்."

முசே விரல் விட்டு எண்ணினார். நமக்கும் பிரான்சுக்கும் கோடைகாலத்தில் மூன்றரை மணி வித்தியாசம். பன்னிரண்டு. இரண்டு. எண்ணி முடித்ததும் நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"தெஜெனே!"

"இன்னா முசே?"

"மத்தியானச் சாப்பாடு மேடம், சாப்பாடு! முப்பத்தோரு வருசம் அந்த ஆபீஸ்ல குந்தியிருந்தவன் நானு. பன்னெண்டு அடிச்சா பேனாவ மூடிடுவான். ரெண்டு மணிக்கு முன்னாடி அந்த ஆண்டவனே வந்து நின்னாலும் கதவத் தொறக்க மாட்டான். இந்தக் கோட்டுல குந்திக்கினு இருக்கறது மெஷினு இல்ல. என்ன மாதிரி ஒரு குமாஸ்தா!"

அறை வாசலில் ரோஸ்லின் வந்து எட்டிப்பார்த்தாள். முசேயின் குரல் தெருவரை கேட்டிருக்கும். அவர் மறுபடி உட்கார்ந்தபோது முகம் மாறியிருந்தது. எட்டு வாரமாகத் தினம் பத்துப் பன்னிரண்டு கடிதங்கள். யாருடைய கடிதங்கள் என்று யாருக்கும் தெரியாது. அழிந்தவை அழிந்தவைதான்.

"இப்போ இன்னா செய்யணும், சொல்லுங்க."

"அழிக்கறத நிறுத்திட்டு, நாளைலேர்ந்து புடிச்சி வெக்கணும். ஒங்க உத்தரவு வேணும்."

"எடுத்துக்கோங்க" என்றார் முசே.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு நாங்கள் நால்வரும் அந்த அலமாரி முன்னால் நின்றோம். பிடித்துவைத்த குப்பை ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தது. லாட்டரி. வழுக்கை. தளபதி. மறுபடி வழுக்கை. பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு, 'மதாம், முசே' என்று தொடங்கும் ஒரு கடிதம். பிரான்சில் ஒரு நகராட்சியிலிருந்து, எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் திருமணப் பதிவு தயார் என்று. ரோஸ்லின் கைதட்டினாள். மேடம் தட்டவில்லை. உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மொத்தம் பதினொன்று. எல்லாம் நிஜக் கடிதங்கள். அந்த அம்மாவுக்கு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மேடம் என் மேசைக்கு வந்தார்.

"குப்பை எதுன்னு சர்வருக்குத் தானா தெரியாது சார். நாம ஸ்பேம் பட்டன் அழுத்த அழுத்த அது கத்துக்கும். இந்தக் கடுதாசிங்கள குப்பைன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. குருத்து ஞாயிறு முடிஞ்ச வாரத்துல கோடு மாறுது. அந்த வாரம் ஆபீஸ்ல இன்னா நடந்துச்சுன்னு பாருங்களேன்."

நாட்குறிப்பைப் புரட்டி உரக்கப் படித்தேன். "திங்கள். மின்விசிறி பழுது. செவ்வாய். அந்த அம்மா வந்தார், கடிதம் இல்லை. புதன். இன்று முதல் மாலை கிளம்புமுன் மெயில் பெட்டி காலியாக இருக்க வேண்டும் என்று முசே..."

அங்கேயே நிறுத்தி, என் மேசைக் கணினியைப் பார்த்தேன்.

"எப்டி காலி பண்றீங்க சார்?" என்றார் மெதுவாக.

சொன்னேன். கடிதத்தை பிரிண்ட் எடுத்து ஃபைலில் சேர்ப்பேன். வேலை முடிந்த மெயிலை அழிப்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அது ஒவ்வொரு முறையும் 'உறுதியா?' என்று கேட்கும். ஸ்பேம் பொத்தான் கேட்காது. ஒரே அழுத்தல், பெட்டி சுத்தம். நாளொன்றுக்குப் பதினைந்து கடிதங்கள். ஏற்கெனவே நாங்கள் எழுதியிருந்த முகவரிகளிலிருந்து வந்தவை தப்பித்திருக்கின்றன. ஃபைலைப் பார்க்கும் அதிகாரி மாறி, புது முகவரியிலிருந்து எழுதினால் போயிற்று.

மேடம் வாரங்களை விரல் விட்டு எண்ணினார்.

"ஒரு நாளு கூட விடாம பண்ணியிருக்கீங்க சார். அதான் அது அவ்ளோ சீக்கிரம் கத்துக்கிச்சு."

அதில் குத்தல் இல்லை. ஒரு வேலையின் தரத்தைச் சொன்னார். அதனால்தான் இன்றும் நினைவிருக்கிறது. யார் என்று முசே கேட்பார், இவர் வழக்கம்போல் கோட்டில் ஆள் பெயர் வராது என்பார் என்று எனக்குத் தெரியும். அந்த வாய்ப்பை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. நாட்குறிப்பைத் திறந்த பக்கத்தோடு முசேயின் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். மூடினார். "இன்னைக்கி சாயங்காலம் பொட்டி காலியா இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

பகல் இரண்டு இருபதுக்கு அந்தக் கடிதம் வந்தது. எங்கள் செவ்வாய்க்கிழமை அம்மாவின் ஃபைல் எண். மூன்றாவது நினைவூட்டல் என்று தலைப்பு. அவருடைய தந்தையின் பிறப்புப் பதிவின் புதிய நகலை முத்திரையோடு கேட்டு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. ஒன்பது நாட்களுக்குள் வராவிட்டால் ஃபைல் மூடப்படும்.

போன் செய்தேன். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். நடந்ததை முழுவதும் சொன்னேன், என் பொத்தான் உட்பட. அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"ரெண்டு லெத்ர நீங்களா சார் அழிச்சீங்க?"

"ஆமாம்மா."

"ஒங்கள இன்னா சொல்றதுன்னே தெரியல. இப்ப திட்ட நேரமில்ல. நட சார், எங்க போவணும் சொல்லு."

நகராட்சியின் பிறப்புப் பதிவு அலுவலகத்தை நாங்கள் இன்னும் எத்தசிவில் என்றுதான் சொல்கிறோம். அன்று மூடுவதற்கு இருபது நிமிடம் முன்னால் மனு கொடுத்தோம். திங்கட்கிழமை பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். புதன்கிழமை முத்திரையோடு நகல் என் கையில் இருந்தது. முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றையும் நான்கு முறை பார்த்தேன். அன்று மாலையே மெயிலிலும் கூரியரிலும் போயிற்று. கெடு முடிய நான்கு நாள் மிச்சம்.

இதற்கு நடுவில் அந்தச் சனிக்கிழமையும் வந்துபோனது. சென்னைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஸ்பேம் இதில் நின்றுவிடும் என்று தொடங்கினார்.

"நிக்கட்டும். நிறுத்தனதுல எத்தன நெசக் கடுதாசின்னு சொல்லுமா?" என்று கேட்டார் மேடம்.

"அது எதுக்கு மேடம்?"

முசே விழுந்து விழுந்து சிரித்தார். சென்னைக்காரருக்கு காபி வாங்கிக் கொடுத்து, மெர்சி சொல்லி, பெட்டியோடு அனுப்பிவைத்தார். அன்று மேடம் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

பிறகு சர்வருக்கு அவர் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொடுத்தார். என் ஸ்பேம் பொத்தானும் 'உறுதியா?' என்று கேட்கும்படி செய்தார். ஜூலையில் ஏழு தூண்களும் ஒரே உயரத்துக்கு வந்தன. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத அந்தப் படத்தை இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை பகல் ஒன்று பத்துக்கு, எந்தத் தடையும் இல்லாமல் நேராக என் பெட்டிக்கே அந்தப் பதில் வந்தது. அந்த அம்மாவை வரச்சொன்னோம். முசே எழுந்து நின்று முதலில் பிரெஞ்சில் படித்தார், பிறகு தமிழில் சொன்னார். காகிதம் சரியாகிவிட்டது. அவர் பிள்ளைகளிடம் போகலாம்.

அந்த அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தார். பிறகு அந்த அம்மா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு எப்டிம்மா தெரிஞ்சிது, என் லெத்ரு அதுக்குள்ள போயிக்கினு இருக்குன்னு?"

"ஒங்க லெத்ருன்னு எனக்குத் தெரியாதுக்கா. யாரோ ஒருத்தரு எழுதிக்கினே இருக்காரு, நாம பதிலே போடலன்னு மட்டும் தெரிஞ்சிது."

கணவருக்கு உடனே போன் போட்டாயிற்று. சமையலறைச் சத்தத்துக்கு நடுவில் அவர் அழுவது எங்களுக்கே கேட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அங்கே நாலரைக்கு விடுவார்கள், நமக்கு இரவு எட்டு மணி. அவர்களுக்குத் தானே சொல்ல வேண்டும், அப்பா சொல்லக் கூடாது என்றார் அந்த அம்மா. வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆறு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டுவது வழக்கம். "இன்னைக்கிப் பூட்டல" என்றார் முசே. ரோஸ்லின் கீழே போய் பஜ்ஜி வாங்கி வந்தாள். தினமும் ஐந்தரைக்குக் கிளம்பும் மேடம், ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு போனை எடுத்தார்கள். சின்னவன்தான் எடுத்தான்.

"அம்மா வரேன்டா" என்றார் அவர்.

எதிர்முனையில் பையன் அக்காவைக் கூப்பிட்டு என்னவோ கேட்டான். அக்கா என்னவோ சொன்னாள். அதன் பிறகு போனிலிருந்து வந்த கூச்சலில் முசே காதைப் பொத்திக்கொண்டார். ரோஸ்லின் பஜ்ஜித் தட்டோடு குதித்தாள். மேடம் பெஞ்சைவிட்டு எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கோல் போட்டவர் மாதிரி நின்றார்.